உச்சி வெயிலில் எத்தனை மாடு படுத்திருக்கிறது?

வாசகர் கேள்வி: டாக்டர் ஐயா அவர்களுக்கு வணக்கம். மதுரை மாவட்டம் டி.கல்லுப்பட்டிக்கு அருகில் உள்ள கிராமத்தில் ஆறு ஜெர்சி கலப்பின மாடுகள் வைத்திருக்கிறேன். ஐந்து கறவையில் உள்ளன, ஒன்று சினைக்காகப் பால் வற்றிய மாடு, அதை இடம் போதாமல் கொட்டகைக்குப் பின்னால் தார்ப்பாயின் கீழ் கட்டியிருக்கிறோம். சென்ற ஆண்டு கடன் வாங்கி 30 அடிக்கு 14 அடியில் தகரக் கொட்டகை போட்டோம். திருட்டுப் பயத்தால் மேற்கு, வடக்கு, தெற்கு மூன்று பக்கமும் ஹாலோ பிளாக் சுவர் கூரை வரை எழுப்பி, கிழக்கில் மட்டும் திறப்பு விட்டிருக்கிறோம். சிமெண்டுத் தரை. மோட்டார் போட்டு நாளுக்கு மூன்று முறை கழுவுகிறோம். மாசியில் இரண்டு வேளையும் சேர்த்து 54 லிட்டர் ஊற்றிய இடத்தில் இப்போது சித்திரையில் 39 லிட்டர்தான் வருகிறது. சொசைட்டியில் கொழுப்பு 4.2 இருந்தது 3.6 ஆகிவிட்டது. இரண்டு மாட்டுக்கு மடிநோய் வந்தது, ஒன்று நொண்டுகிறது, ஒன்று மூன்று ஊசி போட்டும் சினை நிற்கவில்லை. 70,000 ரூபாய்க்குப் பனித்துளி போலத் தண்ணீர் தெளிக்கும் ஃபாகர் மாட்டித் தருவதாக ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா? அல்லது கொட்டகையையே இடித்துவிட்டு வேறு கட்ட வேண்டுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன், கூட வைத்திருந்த மூன்று படங்களை அதைவிடப் பல முறை பார்த்தேன். கொட்டகையை இடிக்க வேண்டாம், ஃபாகருக்கு இப்போதைக்கு முன்பணம் கொடுக்கவும் வேண்டாம். பால் குறைவு, கொழுப்புக் குறைவு, மடிநோய், நொண்டல், சினை நிற்காமை என்று நீங்கள் ஐந்து துன்பங்களைத் தனித்தனியாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மாடுகளுக்கு மூச்சு விடக் காற்றும், படுக்க உலர்ந்த இடமும், குடிக்கக் குளிர்ந்த தண்ணீரும் அந்தக் கொட்டகைக்குள் கிடைக்கவில்லை என்ற ஒரே காரணத்திலிருந்துதான் அந்த ஐந்தும் கிளைக்கின்றன என்று நான் நம்புகிறேன். கழுவ வசதியாகவும் காவலுக்கு வசதியாகவும் கட்டப்பட்ட கொட்டகை அது. மாடு அதில் எப்படிப் படுக்கும், எப்படி எழுந்திருக்கும் என்று கட்டும்போது எவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

முதலில் ஒரு வேலை செய்யுங்கள். நாளை மதியம் இரண்டு மணிக்கு ஒரு முக்காலியை எடுத்துக்கொண்டு போய், அந்தக் கொட்டகைக்குள் மாடுகளோடு அரை மணி நேரம் உட்காருங்கள். எத்தனை மாடு படுத்து அசைபோடுகிறது, எத்தனை நிற்கிறது என்று எண்ணுங்கள். பிறகு ஒரு மாட்டின் விலாவைப் பார்த்துக்கொண்டு, ஒரு நிமிடத்தில் அது எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்று கைக்கடிகாரத்தை வைத்து எண்ணுங்கள். அறுபதைத் தாண்டினால் அந்த மாடு வெப்பத்தோடு போராடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். எண்பதுக்கு மேல் போய், வாய் திறந்து, எச்சில் ஒழுகினால் உடனே நிழலும் காற்றும் உள்ள இடத்துக்கு இழுத்துச் சென்று தண்ணீர் ஊற்ற வேண்டிய நிலை. நீங்கள் அனுப்பிய இரண்டாவது படத்தில், மதிய நேரத்தில், கொட்டகைக்குள் உள்ள ஐந்து மாடுகளும் நின்றுகொண்டிருக்கின்றன. ஒன்றுகூடப் படுக்கவில்லை. எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிகக் கவலை தந்தது அந்தப் படம்தான்.

கறவை மாடு ஒரு நாளில் 12 முதல் 14 மணி நேரம் படுத்திருக்க வேண்டிய உயிர். ஒரு லிட்டர் பால் சுரக்க ஏறத்தாழ 400 முதல் 500 லிட்டர் ரத்தம் மடியின் வழியாக ஓட வேண்டும். மாடு படுக்கும்போது மடிக்குப் போகும் ரத்த ஓட்டம் நிற்கும்போது இருப்பதைவிடக் கால் பங்கு அளவுக்குக் கூடுகிறது. படுத்த மாடு அசைபோடுகிறது, அசைபோடும் மாட்டுக்கு உமிழ்நீர் ஊறுகிறது, அந்த உமிழ்நீர் இரைப்பையின் புளிப்பை மட்டுப்படுத்துகிறது, அதனால் நார்த்தீவனம் நன்றாகச் செரித்துப் பாலில் கொழுப்பாக வந்து சேர்கிறது. வெப்பத்தில் நிற்கும் மாடு வைக்கோலையும் தட்டையையும் ஒதுக்கிவிட்டுத் தவிடும் பிண்ணாக்கும் மட்டும் தின்னும், மூச்சிரைப்பில் எச்சிலையும் தரையில் ஒழுகவிடும். உங்கள் சொசைட்டிச் சீட்டில் 4.2 என்பது 3.6 ஆனதற்கு இதற்கு மேல் காரணம் தேட வேண்டியதில்லை.

இனி கொட்டகைக்கு வருகிறேன். அது வடக்குத் தெற்காக நீண்டிருக்கிறது. நம் வட்டாரத்தில் கொட்டகையின் நீளவாக்கு கிழக்கு மேற்காக இருப்பதே நல்லது. சித்திரை பிறக்கும் நாட்களில் மதுரையில் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, நண்பகலில் நம் நிழல் நம் காலடியிலேயே விழுகிறது. ஆகவே உச்சி வெயிலைக் கூரைதான் தாங்க வேண்டும். காலை வெயிலும் மாலை வெயிலும் கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் சாய்ந்து வருவதால், அந்தப் பக்கங்களில் குறுகிய முகப்புகள் இருந்தால் உள்ளே நுழையும் வெயில் குறையும். உங்களுக்கோ 30 அடி நீளச் சுவர் முழுவதும் மேற்கு வெயிலை வாங்குகிறது. கட்டியதைத் திருப்பி வைக்க முடியாது. ஆனால் அதன் தீமையை வெகுவாகக் குறைக்க முடியும்.

தீவனத் தொட்டியை அந்த மேற்குச் சுவரை ஒட்டியே கட்டியிருக்கிறீர்கள். அதாவது உள்ளே உள்ள ஐந்து மாடுகளும் இரவும் பகலும் மூக்குக்கு இரண்டடி தூரத்தில் உள்ள ஒரு சுவரைப் பார்த்து நிற்கின்றன. அவை விட்ட மூச்சே சுவரில் முட்டி அவற்றின் முகத்துக்குத் திரும்புகிறது. மதியம் முழுவதும் காய்ந்த ஹாலோ பிளாக் இரவு எட்டு மணிக்கும் உள்ளங்கையை வைத்தால் சுடும். வைத்துப் பாருங்கள். ஆகையால் முதல் செலவு அந்தச் சுவருக்குத்தான். தரையிலிருந்து மூன்றடியை மட்டும் விட்டுவிட்டு, அதற்கு மேலே உள்ள கல் வரிசைகளை எடுத்துவிடச் சொல்லுங்கள். படத்தில் கூரையின் பாரம் இரும்புக் குழாய்த் தூண்களில் இறங்குவது போலத் தெரிகிறது. இருந்தாலும் ஒரு கல்லை எடுப்பதற்கு முன் கொத்தனாரையும் வெல்டிங் செய்தவரையும் அழைத்து அதை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். திருட்டுப் பயம் நியாயமானது. மூன்றடிக்கு மேல் கனமான வெல்டு மெஷ் கம்பி வலையைத் தூண்களோடு சேர்த்துப் பற்றவைத்துவிட்டால் ஆளும் நாயும் நுழைய முடியாது, காற்று நுழையும். வடக்கு, தெற்குச் சுவர்களையும் பின்னர் அதேபோலச் செய்யலாம். மேற்குச் சுவரை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். ஆனி, ஆடி மாதங்களில் நம் பக்கம் வீசும் காற்று மேற்கிலிருந்துதான் வருகிறது, அது நேராக மாடுகளின் முகத்தில் படும்.

சுவரை எடுத்தால் மாலை வெயில் உள்ளே விழுமே என்று நீங்கள் கேட்பீர்கள். அதற்காகச் சுவரின் வெளிப்புறம் முழு நீளத்துக்கும் எட்டடி அகலத்தில் ஒரு தென்னங்கீற்றுப் பந்தல் போடுங்கள். அதன் வெளி விளிம்பு ஏழடி உயரத்துக்குக் குறையாமல் இருந்தால் காற்று அடியில் புகுந்து வரும். பந்தலுக்கு அப்பால் நாலைந்து வேப்பங்கன்றும் புங்கங்கன்றும் நட்டுவிட்டால், அவை வளர்ந்த பிறகு பந்தலே வேண்டியிருக்காது.

தகரக் கூரை ஏழரை அடி உயரத்தில் இருப்பது இரண்டாவது குறை. ஓரத்தில் பத்தடியும் நடு முகட்டில் பதினைந்து அடியும் இருந்திருந்தால், சூடேறிய காற்று மாட்டின் முதுகிலிருந்து விலகி மேலே போயிருக்கும். கூரையை உயர்த்துவது பெரிய செலவு என்பதால் அதை அடுத்த ஆண்டுக் கணக்கில் வையுங்கள். இந்த ஆண்டுக்கு, தகரத்தின் மேல் வெள்ளைச் சுண்ணாம்பைப் பசை கலந்து இரண்டு பூச்சு அடித்து, அதற்கு மேல் தென்னங்கீற்றைப் பரப்பி, ஆடிக் காற்றில் பறக்காதபடி கம்பி போட்டு இழுத்துக் கட்டினால் போதும். முகட்டில் இரு பக்கத் தகடுகளும் சேரும் இடத்தில் அரை அடி திறப்பு விட்டு, மழை இறங்காதபடி அதன் மேல் ஒரு தொப்பித் தகடு வைத்தால், உள்ளே தேங்கும் சூடும் மூத்திர நெடியும் அதன் வழியே வெளியேறும். கீற்றுக் கூரை வந்த பிறகு கொசுவுக்கு நொச்சி மூட்டம் போடும் பழக்கத்தைக் கொட்டகைக்கு நன்றாகத் தள்ளி, காற்று வரும் திசை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பொறி போதும்.

மாடுகளின் குடிதண்ணீரைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை, ஆனால் முதல் படத்தின் மூலையில் மொட்டை வெயிலில் ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டி தெரிகிறது. அதிலிருந்துதான் குழாய் போகிறது என்றால், மதியம் அந்தத் தண்ணீரில் கையை விட்டுப் பாருங்கள். திருமங்கலம் பக்கம் ஒரு பண்ணைக்குச் சில ஆண்டுகளுக்கு முன் சென்றிருந்தேன். "தண்ணி எப்பவும் நிறைய இருக்கு, மாடுதான் குடிக்க மாட்டேங்குது" என்று அங்கிருந்தவர் வருத்தப்பட்டார். ஒரு மாடு தொட்டியருகே வந்தது, மூக்கை நனைத்தது, மேலுதட்டைச் சுழித்தது, தலையைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிட்டது. நான் முழங்கை வரை கையை விட்டேன், குளிக்க வெந்நீர் விளாவி வைத்தது போல இருந்தது. அன்றைக்கே கிணற்றிலிருந்து நேராக எடுத்த தண்ணீரை வாளியில் வைத்தோம். அதே மாடு வாயை எடுக்காமல் இரண்டு வாளியைக் காலி செய்தது. பத்து லிட்டர் கறக்கும் மாடு கோடையில் ஒரு நாளைக்கு 60 முதல் 80 லிட்டர் வரை குடிக்கும், பால் கறந்து முடித்த உடனே அதற்குத் தாகம் மிகுதி. இரண்டு வேளை கழுதண்ணி காட்டுவதோடு நின்றுவிட்டால் போதாது. வேப்பமர நிழலில் ஒரு சிமெண்டுத் தொட்டி கட்டி, உள்ளே சுண்ணாம்பு அடித்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை பாசி தேய்த்துக் கழுவி, இரவும் பகலும் மாடு தானே போய்க் குடிக்கும்படி வையுங்கள். நான் சொல்லும் எல்லாவற்றிலும் மிகக் குறைந்த செலவில் மிக விரைவில் பாலைக் கூட்டித் தருவது இதுதான்.

மாடு தானே போய்க் குடிக்க வேண்டும் என்றால் அது கட்டவிழ்ந்து இருக்க வேண்டும். கொட்டகையின் கிழக்கே உங்களுக்குக் காலி இடம் இருக்கிறது என்று படத்தில் பார்த்தேன். ஒரு மாட்டுக்குக் கூரையின் கீழ் 3.5 சதுர மீட்டரும், திறந்தவெளியில் 7 சதுர மீட்டரும் தேவை என்பது நம் நாட்டில் பின்பற்றப்படும் அளவு. ஆறு மாடுகளுக்குக் கூரையின் கீழ் 230 சதுர அடியும் வெளியே 450 சதுர அடியும் வரும். கூரை உங்களிடம் தாராளமாகவே உள்ளது. வெளியே 450 சதுர அடிக்குக் குழாய் வேலி போட்டு, தீவனத்துக்கும் கறவைக்கும் மட்டும் உள்ளே பிடித்துக் கட்டி, மற்ற நேரமெல்லாம் அவிழ்த்துவிடுங்கள். உங்கள் மண் கரிசல் என்பதால் இதில் ஒரு கவனம் வேண்டும். ஐப்பசி மழையில் கரிசல் சேறாகி முழங்கால் வரை இழுக்கும். அதற்கு முன்பாக, புரட்டாசிக்குள், ஒன்றரை அடி உயரத்துக்குச் செம்மண் சரளையை அடித்துப் பரப்பி, கொட்டகையிலிருந்து வெளிப்புறமாகச் சரிவு கொடுத்துத் திமிசு போட்டு இறுக்கிவிட வேண்டும். மேலே நான்கு அங்குலத்துக்குத் தளர்ந்த மண் இருந்தால், மாடு அதில் ஆசையாகப் படுக்கும். தினமும் சாணத்தை அள்ளிவிட்டு ஒருமுறை கிளறிவிடுங்கள். இந்த வட்டாரத்தில் புலிக்குளம் என்ற நாட்டு மாடுகளை மந்தையாக மேய்த்துக் கிடை போடும் கீதாரிகள் மேட்டு நிலத்தையும் காற்றோட்டத்தையும் பார்த்துத்தான் இரவுக் கிடையை அமைக்கிறார்கள். மாடு எங்கே படுக்க விரும்பும் என்பதை அவர்களிடம் கற்றுக்கொள்ளலாம்.

அடுத்தது சிமெண்டுத் தரை. நாளுக்கு மூன்று முறை கழுவுவதைப் பெருமையோடு எழுதியிருந்தீர்கள், உங்கள் அக்கறையை மதிக்கிறேன். ஆனால் மூன்று பக்கமும் அடைத்த கொட்டகையில் மூன்று முறை கழுவினால் தரை எந்த நேரத்திலும் உலராது. அந்த ஈரத்தில்தான் மாடு மடியை வைக்கிறது. கறந்து முடித்த பின் காம்பின் துளை மூட அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். களைத்த மாடு உடனே ஈரத்தரையில் படுத்தால் அந்தத் திறந்த துளை வழியாகக் கிருமி நேராக மடிக்குள் போகிறது. சாணத்தை மண்வெட்டியால் உலர்வாக வழித்தெடுங்கள். காலையில் மாடுகள் வெளியே போன பின் ஒருமுறை கழுவி, மதியம் வரை காயவிடுங்கள். தரைச்சரிவு 40 அடிக்கு ஓரடி அளவில் மூத்திரக் கால்வாயை நோக்கி இருக்கிறதா என்று ஒரு குடம் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். தேங்கும் குழிகளைக் கொத்தனாரைக் கொண்டு பூசிவிடுங்கள். கறந்தவுடன் காம்புகளைப் போவிடோன் அயோடின் மருந்தில் நனைத்து, அதே நேரத்தில் பசுந்தீவனத்தைத் தொட்டியில் போட்டால், மாடு அரை மணி நேரம் நின்றே தின்னும். மடிநோய் கண்ட இரண்டு மாடுகளையும் எப்போதும் கடைசியில் கறந்து, பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

உங்கள் மாடுகள் எழுந்திருக்கும் விதத்தையும் ஒருநாள் விடியற்காலையில் நின்று கவனியுங்கள். மாடு முதலில் முன்கால் முட்டியில் ஊன்றி, தலையை நன்றாக முன்னே நீட்டி, பின்பகுதியை எழுப்பி, கடைசியில்தான் முன்கால்களை நிமிர்த்தும். தலையை நீட்ட இடமில்லாவிட்டால் அது பலமுறை முயன்று, முட்டி தேய்ந்து, சில நேரம் நாய் உட்காருவது போலப் பின்புறத்தைத் தரையில் ஊன்றிக்கொண்டு தவிக்கும். மூன்றாவது படத்தில் உள்ள செவலை மாட்டின் முட்டியில் முடி உதிர்ந்து வழுக்கையாக இருக்கிறது. உங்கள் தொட்டிச் சுவரின் உயரமும் குட்டையான தலைக்கயிறும் சேர்ந்து செய்த காயம் அது. தொட்டியின் மாட்டுப் பக்கச் சுவரை ஒன்றே முக்கால் அடிக்குக் குறையுங்கள், தொட்டியின் அடித்தளம் மாடு நிற்கும் தரையைவிட அரை அடிக்கு மேல் உயராமல் இருக்கட்டும். படுத்திருக்கும் மாடு தலையைத் திருப்பித் தன் விலாவில் சாய்த்துக்கொள்ளும் அளவுக்குக் கயிறு தளர்ந்திருக்க வேண்டும். மழைக்காலத்தில் உள்ளேயே படுக்க வேண்டியிருக்கும் என்பதால், இயன்றபோது ஒவ்வொரு மாட்டுக்கும் ஒரு ரப்பர் விரிப்பு வாங்குங்கள். உங்கள் முழங்காலைச் சட்டென்று அந்தத் தரையில் ஊன்றிப் பாருங்கள், உங்களுக்கு வலித்தால் 350 கிலோ எடையுள்ள மாட்டுக்கும் வலிக்கும்.

நொண்டும் மாட்டுக்கு, குளம்பின் நடுப்பிளவையும் அடிப்பகுதியையும் மருத்துவரிடம் காட்டிச் செதுக்கச் சொல்லுங்கள். எப்போதும் ஈரத்தில் ஊறிய குளம்பு மென்மையாகி, சொரசொரப்பான சிமெண்டில் தேய்ந்து புண்ணாகிறது. மற்ற மாடுகளுக்குத் தடுப்பாக, பத்து லிட்டர் தண்ணீருக்கு அரை கிலோ மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) என்ற கணக்கில் கரைத்து, வாசலில் ஆழமற்ற தொட்டியில் வைத்து, வாரம் இரண்டு முறை குளம்பைக் கழுவிய பின் அதில் நடத்துங்கள். மாடு அதைக் குடிக்க விடாதீர்கள். வீட்டில் ஆடு இருந்தால் அந்தத் தொட்டியின் பக்கமே அண்டவிடாதீர்கள், செம்புச் சத்து ஆடுகளுக்கு, அதிலும் செம்மறிக்கு, கொடிய நஞ்சு.

சினை நிற்காத மாட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கட்டியே கிடக்கும் மாடு பருவத்துக்கு வந்ததை நம்மால் சரியாகக் கண்டுகொள்ள முடிவதில்லை. வெப்பக் காலத்தில் அறிகுறிகள் மங்கி, பெரும்பாலும் இரவில் வந்து போய்விடுகின்றன. அவிழ்த்துவிட்ட மண்தரையில், இன்னொரு மாடு ஏறும்போது நின்று கொடுக்கும் மாட்டைக் கண்ணால் பார்க்கலாம். காலையில் பார்த்தால் அன்று மாலையும், மாலையில் பார்த்தால் மறுநாள் காலையும் சினை ஊசி போடுங்கள். இரண்டு மாதம் இப்படிப் பார்த்தும் நிற்காவிட்டால் கருப்பையைச் சோதிக்க வேண்டும்.

இப்போது ஃபாகர். மூன்று பக்கமும் அடைத்த இடத்தில் அந்தக் கருவியைப் போட்டால் காற்றில் ஈரம் ஏறி, மாட்டின் உடம்பிலிருந்து வியர்வையும் மூச்சின் ஈரமும் ஆவியாக முடியாமல் போய், தரையும் நனைந்து, மாடு முன்னைவிட அதிகம் தவிக்கும். பனித்துளி முடியின் நுனியிலேயே தங்கிவிடுவதும் உண்டு. ஒரு லிட்டர் தண்ணீர் மாட்டின் தோலிலிருந்து ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. அதற்குத் தண்ணீர் தோல்வரை இறங்க வேண்டும், அதை உலர்த்தக் காற்றும் வேண்டும். சுவரை எடுத்த பிறகு இரண்டு பெரிய மின்விசிறிகளை மாட்டின் முதுகை நோக்கிச் சாய்த்து மாட்டுங்கள். காலை பதினொரு மணி முதல் மாலை நான்கு மணி வரை ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை, பூவாளி மாட்டிய குழாயால் தோளிலும் முதுகிலும் ஒரு நிமிடம் நனைத்து, பிறகு விசிறிக் காற்றில் உலரவிடுங்கள். தண்ணீர் விலா வழியாக வழிந்து மடிக்கு இறங்கும் அளவுக்கு ஊற்ற வேண்டாம். இதற்கு ஆகும் செலவு உங்களிடம் சொல்லப்பட்ட தொகையில் சிறு பங்குதான்.

தீவன நேரத்தையும் சற்று மாற்றுங்கள். தின்ற தீவனம் செரிக்கும்போது மாட்டின் வயிற்றுக்குள்ளேயே சூடு பிறக்கிறது. ஒன்பது மணிக்குப் போடும் வைக்கோல் சரியாக உச்சிப் பொழுதில் அந்தச் சூட்டைக் கொடுக்கும். வைக்கோலையும் சோளத்தட்டையையும் இரவுக்கும் விடியலுக்கும் வைத்துக்கொண்டு, பகலில் பசும்புல்லை மட்டும் கொடுங்கள்.

கடைசியாக, நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி. பால் வற்றிய மாட்டை இடம் போதாமல் கொட்டகைக்குப் பின்னால், மேற்கே, ஒரு தார்ப்பாயின் கீழ் கட்டியிருப்பதாகச் சொல்லியிருக்கிறீர்கள். கன்று போடுவதற்கு முந்தைய இரண்டு மாதங்களில்தான் மடியின் பால் சுரக்கும் திசு புதிதாக வளர்கிறது. அந்த நாட்களில் வெப்பத்தில் வாடிய மாடு அடுத்த ஈற்றில் முழு அளவு கறக்காது, அதன் கன்றும் எடை குறைந்து பிறக்கும். கறக்காத மாடுதானே என்று அதை ஒதுக்கிவிடாதீர்கள். மற்ற வேலைகளுக்குக் கொத்தனாரும் பணமும் வர நாளாகலாம், அந்த மாட்டை மட்டும் இந்தப் பதிலைப் படித்த இன்றைக்கே அவிழ்த்து, கிழக்குப் பக்கத்து வேப்பமரத்தடியில் கட்டி, பக்கத்தில் ஒரு தொட்டித் தண்ணீர் வையுங்கள். ஆனி முடிவில் பால் கணக்கையும், மதியம் இரண்டு மணிக்கு எத்தனை மாடு படுத்திருந்தது என்று நாள்தோறும் குறித்த தாளையும் எனக்கு அனுப்புங்கள், மீதியை அதை வைத்துப் பேசுவோம்.